நாய்க்கு வயிறு போகும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் வளர்க்கும் நாய்க்குத் திடீரென்று வயிறு போகிறது என்றால், முந்தின நாள் விருந்தில் மிஞ்சிய ஆட்டுக் கொழுப்போ, குப்பையைக் கிளறித் தின்ற ஏதோ ஒன்றோ, ஒரே நாளில் மாற்றிவிட்ட தீவனமோ பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். முறையாகத் தடுப்பூசி போடப்பட்டு, கழிச்சலைத் தவிர வேறு தொல்லை எதுவும் இல்லாமல் வாலாட்டிக்கொண்டு வருகிற வளர்ந்த நாய்க்கு இது பொதுவாக இரண்டு மூன்று நாளில் தானாகவே சரியாகிவிடும். ஒரு கால்நடை மருத்துவர் என்ற முறையில் எனக்குக் கவலை தருவது இந்தக் கழிச்சலைவிட, அதை உடனே நிறுத்திவிட வேண்டும் என்ற தவிப்பில் மனிதர்களுக்கான மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துவிடுவதுதான்.

குட்டிகளுக்கு நான் சொல்லப்போகும் வீட்டுப் பராமரிப்பு பொருந்தாது. தடுப்பூசி முடியாத குட்டி சோர்ந்து படுத்து, வாந்தி எடுத்து, துர்நாற்றத்தோடு இரத்தமாகக் கழிந்தால் அது பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். அங்கே ஒரு பொழுது தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து. மிகவும் வயதான நாய், சினை நாய், சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ள நாய் ஆகியவற்றையும் முதலிலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மற்ற நாய்களுக்கு முதல் தேவை தண்ணீர். சுத்தமான தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவுப்படி கரைத்து, பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் வைக்கலாம். வாயைத் திறந்து வலுக்கட்டாயமாக ஊற்ற வேண்டாம். உடலில் நீர் குறைகிறதா என்பதை நீங்களே பார்க்க முடியும். மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டால் ஈரமாக வழுக்க வேண்டும். விரலில் பசைபோல் ஒட்டக்கூடாது. ஈறை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த அந்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தோள்பட்டைக்கு மேலே தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் அது உடனே படிய வேண்டும். மடிந்தபடியே நின்றால் வீட்டு வைத்தியத்துக்கான கட்டம் தாண்டிவிட்டது என்று பொருள்.

உணவைப் பொறுத்தவரை, வளர்ந்த நாய்க்கு ஒரு வேளை உணவை நிறுத்திவைப்பதில் தவறில்லை. நாள் கணக்கில் பட்டினி போடத் தேவையில்லை. தோலும் கொழுப்பும் எலும்பும் நீக்கிய கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து உதிர்த்து, ஒரு பங்கு கறிக்கு இரண்டு பங்கு குழைந்த பச்சரிசிச் சோறு என்று பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து வேளை கொடுங்கள். வீட்டாருக்குச் செய்த குழம்பையோ ரசத்தையோ அதில் ஊற்றிவிடாதீர்கள். அவற்றில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியவை. கறி சமைக்காத வீடுகளில் குழைந்த சோற்றுடன் வேகவைத்து மசித்த பரங்கிக்காயைச் சேர்க்கலாம். இரண்டு நாளைக்கு அதுவே போதும். பால் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு அது செரிக்காது. மலம் இறுகிய பிறகு வழக்கமான உணவை நான்கைந்து நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். பாராசிட்டமால் நாயின் ஈரலையும், இபுபுரூஃபன் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நமக்குப் பேதியை நிறுத்துகிற லோபரமைடு, கோலி (Collie) என்ற மேய்ப்பு இன நாய்கள் பலவற்றுக்கு மூளையைப் பாதிக்கும் நஞ்சாகிவிடும். மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளை நாமாக வாங்கிக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களும் சேர்ந்து அழியும்.

இரண்டு நாள் கடந்தும் குறையவில்லை, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறது, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மலம் தார்போலக் கறுத்தோ இரத்தம் கலந்தோ வருகிறது, உடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறது என்றால், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். போகும்போது அன்றைய மலத்தில் சிறிதளவை மூடியுள்ள சுத்தமான டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். கொக்கிப்புழு முட்டைகளை நுண்ணோக்கியில் தேடிப் பார்க்க அது உதவும். நாய் கடைசியாக என்ன தின்றது, கடைசியாக எப்போது குடற்புழு நீக்க மருந்து கொடுத்தீர்கள் என்ற இரண்டையும் மறவாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.