ஓர் ஏப்பத்துக்குக் கொடுத்த மூன்று மணி நேரம்

வணக்கம். பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து பேசுகிறேன். மணி காலை ஐந்தே முக்கால். காற்று கேமராவை ஆட்டுகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் விடியற்காலை மூன்று மணிக்குப் பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பனியன் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "வாயுதான்டா, அந்த ஓமத் திரவத்தை எடு" என்றார். குடித்தார். ஏப்பம் வந்தது. பெரியம்மா உடனே விளக்கை அணைத்துவிட்டார். நானும் போய்ப் படுத்துக்கொண்டேன். பட்டப்படிப்பு படித்தவன்தான் நான்!

ஆறு மணிக்கு இடது கை மரத்துப்போகிறது என்று அவர் சொன்ன பிறகே 108-ஐ அழைத்தோம். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால் ரத்தக்குழாய் அடைபட்டால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே இருக்கும்; செத்த தசை திரும்பி வராது. மாடி ஏறும்போது இப்போதெல்லாம் ஏழாவது படியில் உட்கார்ந்துவிடுகிறார்.

எங்கள் வீட்டோடு முடிகிற கதையா இது? 1990இல் இந்தியாவில் நிகழ்ந்த மரணங்களில் சுமார் 15 சதவீதத்துக்கு இதய, ரத்தநாள நோய்கள் காரணம். 2016இல் அது 28 சதவீதம். அதுவும் மேலை நாடுகளைவிட இங்கே இளம் வயதிலேயே தாக்குகிறது. பிள்ளை கல்லூரியில், வீட்டுக்கடன் பாதியில் என்ற நேரத்தில் சம்பாதிக்கிறவர் சாய்ந்துவிடுகிறார். மருத்துவமனை ரசீதில் இந்தக் கணக்கு வராது.

தமிழ்நாட்டில் 2023இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்கு, ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாகக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஓமத் திரவத்தைத் தாண்டி அங்கே போய்ச் சேர வேண்டுமே!

ரத்த அழுத்தத்தை ஏற்றி இதயத்தைப் பாதிக்கிற உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் சாம்பாரும் ரசமுமே அந்தக் கரண்டியைக் காலி செய்துவிடும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் அதற்கு மேலே. நேற்று பெரியப்பா இரண்டு அப்பளம் கேட்டார். பெரியம்மா ஒன்றை எடுத்து, உடைத்துப் பாதியை வைத்தார். மீதிப் பாதியை யார் தின்றது என்று கேட்காதீர்கள்.