குதிரையும் குழியும்: நடுப்பாதம் பற்றி ஓர் உரை

அவைத் தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, மயக்கவியலைப் பற்றி ஒருவரும் கண்ணயராதபடி பேசி அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே, ஒலிபெருக்கியை இரண்டு முறை சரிசெய்து கொடுத்த தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் என்னை 'எலும்பு நிபுணர்' என்று அறிமுகப்படுத்தினார். அவருடைய பெருந்தன்மை அது. நான் எலும்பை அறுத்தவன் இல்லை. முப்பத்தோரு ஆண்டு எக்ஸ்ரே எடுத்தவன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். நடுப்பாதத்தில் என்ன இருக்கிறது, அது எப்படிக் கெடுகிறது, குழந்தைகளுக்குக் காலணி எப்படிப் பார்த்து வாங்குவது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். நடுப்பாதத்துக்கு அதில் ஐந்துதான் பங்கு. உள்பக்கம் படகெலும்பு. படகு போலக் குழிந்து, கணுக்கால் எலும்பின் உருண்டைத் தலையை ஏந்திக்கொள்கிறது. வெளிப்பக்கம் கனசதுர எலும்பு. படகெலும்புக்கு முன்னால் வரிசையாக மூன்று ஆப்பெலும்புகள். இவற்றில் நடுவிலுள்ளதற்கும் வெளிப்பக்கத்ததற்கும் அகன்ற பக்கம் மேலே, குறுகிய பக்கம் கீழே. கல் வளைவு கட்டுகிற கொத்தனார் கல்லைச் செதுக்குவதும் இப்படித்தான். அதனால்தான் பாதம் குறுக்கேயும் வளைந்து நிற்கிறது. இந்தக் குறுக்கு வளைவு பாதத்தின் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் தருகிறது என்று 2020-இல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது.

நடு ஆப்பு, பக்கத்து இரண்டையும் விடக் குட்டை. அந்தப் பள்ளத்தில் இரண்டாம் விரலுக்குப் போகும் நீள எலும்பின் அடி, துளையில் கழுந்து இறங்கியது போல உட்கார்ந்திருக்கிறது. உள் ஆப்பிலிருந்து அதற்கு ஒரு தடித்த ஜவ்வு சாய்வாகப் போகிறது. முதல் நீள எலும்பின் அடிக்கும் இரண்டாவதன் அடிக்கும் நடுவே அப்படி நேரடி ஜவ்வு கிடையாது. எல்லாப் பாரமும் அந்தச் சாய்வு ஜவ்வின் தலையில்தான்.

நடுப்பாதமும் நீள எலும்புகளும் சேரும் இந்த மூட்டுக்கு லிஸ்ஃபிராங்க் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர். நெப்போலியன் காலத்தவர். குதிரையிலிருந்து விழும் வீரனின் பாதம் அங்கவடியில் மாட்டிக்கொண்டு முறுகும். அதிலிருந்து வந்த பெயர் என்று கதை சொல்வார்கள். அவர் 1815-இல் எழுதியதோ, அந்த மூட்டு வழியே முன்பாதத்தை வெட்டி எடுக்கும் முறை! மயக்க மருந்து வர இன்னும் முப்பது ஆண்டு இருந்தது. அம்மையார் அவர்களே, உங்கள் துறைக்கு இன்னொரு வணக்கம்.

குதிரை என்றதும் பழமொழி வந்துவிடுகிறது. 'குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.' என் மைத்துனர் கதையைக் கேளுங்கள். மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் கைப்பேசி. படி முடிந்துவிட்டது என்று நினைத்தார். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. விரல் நுனி தரையில் ஊன்ற, குதிகால் மேலே நிற்க, உடம்பு முழுவதும் பாதத்தின் மேல் மடிந்து இறங்கியது. எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, 'ஒன்றுமில்லை.' ஒன்றுமில்லாதவர் ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிறார் என்று என் தங்கை கேட்டாள். 'சுவர் ஆடுகிறதா என்று பார்க்கிறேன்' என்றார்! படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். முறிவு இல்லை, சுளுக்கு என்றார்கள். அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். மூன்று வாரம் அந்தக் காலோடு நடந்தார். தினமும் யாராவது நீவிவிட்டார்கள். உள்ளங்காலில் கருநீலம் கன்றியிருந்ததை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. கடைசியில் நிற்க வைத்து எடுத்தபோது உள் ஆப்புக்கும் இரண்டாம் நீள எலும்புக்கும் நடுவே இடைவெளி பல்லிளித்தது. திருகாணி போட்டார்கள். குதிரை தள்ளியது, குழி பறித்தது நான்.

இதைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படுத்திருக்கும் பாதத்தில் பாரம் இல்லை. பாரம் இல்லாதபோது விலகிய எலும்புகள் ஒழுங்குப் பிள்ளைகளாகச் சேர்ந்து நிற்கும். உள்ளங்கால் கன்றியிருந்தால், நடுப்பாதம் வீங்கியிருந்தால், இரண்டு காலையும் ஊன்றி நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வலியால் நிற்க முடியவில்லையா, சி.டி. ஸ்கேன் உண்டு. அதுவரை நீவாதீர்கள். நீரிழிவில் உணர்ச்சி மரத்த கால் என்றால் இன்னும் கவனம். வலியே தெரியாமல் பாதம் சிவந்து, சுட்டு, வீங்கி, நடுவளைவு இடிந்துபோகும். அங்கே குதிரையும் சத்தமில்லாமல் தள்ளுகிறது, குழியும் சத்தமில்லாமல் ஆழமாகிறது.

தலைவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். காலணி பற்றி இன்னொரு நாள். ஒரு வரித் தீர்மானம் எழுதி வந்திருக்கிறேன்: 'நடுப்பாத அடிக்கு, நிற்க முடிந்தவரை நிற்க வைத்தே எக்ஸ்ரே.' தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட வேண்டும். பேனா என்னிடமே இருக்கிறது.