பிளாட்பாரத்தின் மட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

பிளாட்பாரம் என்றதும் கல்லைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். கல்லைப் பிறகு பார்ப்போம், முதலில் மட்டத்தைப் பார்ப்போம். சென்னையில் பல தெருக்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகால் ஸ்லாப் ஒரு உயரம், தார்ச்சாலை ஒரு உயரம், வீட்டு வாசல் இன்னொரு உயரம். இந்த மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துத் தீர்மானிக்காத தெருவில், எந்தக் கல்லைப் பதித்தாலும் ஜனம் ரோட்டில் இறங்கித்தான் நடக்கும்.

அகலக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் 103ஆம் எண் வழிகாட்டி, குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் கேட்கிறது, கடைத்தெருவில் 2.5 மீட்டர். எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் இடிக்காமல் கடந்து போக 1.8 மீட்டர் வேண்டும். தலைக்கு மேல் 2.2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். மரம், விளக்குக் கம்பம், பில்லர் பாக்ஸ் எனப்படும் தெருவோர மின்பெட்டி, தள்ளுவண்டிக் கடை இதெல்லாம் சாலையோரம் தனிப் பட்டையில் வரும், நடக்கிற 1.8இல் வரவே கூடாது.

இருபதடித் தெருவில் இதற்கு இடமில்லை. அங்கே இரண்டடியை உயர்த்திக் கட்டி நடைபாதை என்று கணக்குக் காட்டுவதைவிட, வண்டிகளின் வேகத்தைக் குறைத்துத் தெருவையே நடக்கிறவர்களுக்கு விடுவது மேல். அந்த இரண்டடியில் பூந்தொட்டி நிற்கும், நாய் படுக்கும். வேறு யாருக்கும் உதவாது.

உயரம் 150 மில்லிமீட்டர், அதாவது அரை அடி. அதற்கு மேல் போகக் கூடாது. வண்டி ஏறாமல் இருக்கட்டும் என்று ஒரு அடி உயர்த்தினால் முட்டிவலிக்காரர்களும் ஏற மாட்டார்கள். சரி, அரை அடியாகவே கட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பழைய தாரைச் சுரண்டாமல் 40 மில்லிமீட்டர் புதுத் தார் போடுகிறார்கள். உயரம் 110 ஆகிறது. அடுத்த முறை 70, அதற்கடுத்த முறை 30. இப்போது மழைத்தண்ணீர் நடைபாதையில் ஏறும், கூடவே பைக்கும் ஏறும். உடனே நடைபாதையை உயர்த்துவார்கள். வீடுகள் பள்ளத்துக்குப் போகும். நடைபாதையின் ஆயுள் ரோடு போடுகிற டெண்டரில் இருக்கிறது. மில்லிங் செய்து, அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுத்து, எடுத்த கனத்துக்கே மறுபடி போடச் சொல்லுங்கள்.

இனி ஒரு கேட்டுக்கு முன்னால் நின்று பார்ப்போம். கார் உள்ளே போக வேண்டும். காண்ட்ராக்டர் என்ன செய்கிறார்? கேட்டுக்கு நேராக நடைபாதையை முழு அகலத்துக்கும் ரோட்டு மட்டத்துக்கு இறக்கிவிடுகிறார். நாற்பதடி மனை என்றால் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு தடவை இறங்கி ஏற வேண்டும். சரியான முறை வேறு. நடைபாதை அதே மட்டத்தில் நேராக ஓட வேண்டும். சாலையோரப் பட்டையில் மட்டும் அறுபது சென்டிமீட்டர் சரிவு போட்டால் கார் மெதுவாக ஏறிவிடும். கஷ்டம் காருக்கு இருக்கட்டும், நடப்பவருக்கு வேண்டாம். பட்டையே இல்லாத குறுகலான இடத்தில் நடைபாதையை ரோட்டிலிருந்து 50 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி தாழ்த்தலாம். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கினால் இரண்டு பக்கமும் 1.2 மீட்டர் போதும். சக்கர நாற்காலி தள்ளுகிறவர் கைக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

இப்போது கல். நடைபாதையின் விளிம்பில் வரும் கர்ப் கல்லை முதலில் கான்கிரீட்டில் நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் பிடிப்பில்லாத பேவர் பிளாக் நகர்ந்துகொண்டே இருக்கும். கீழே மண்ணை இறுக்கி, ஜல்லிக் கலவையைப் பரப்பி, அதையும் இறுக்கி, அதன்மேல் 25 முதல் 40 மில்லிமீட்டர் மணல். நடக்கிற இடத்துக்கு 60 மில்லிமீட்டர் பிளாக். வண்டி ஏறும் கேட்டுகளில் 80. பதித்தபின் கல்லை அதிர்த்து இறுக்கும் தட்டு அதிர்வியை ஓட்டி, இடைவெளிகளில் காய்ந்த நைஸ் மணலைப் பெருக்கி நிரப்பி, மறுபடி ஓட்ட வேண்டும். ரோட்டுப் பக்கம் ஐம்பதுக்கு ஒன்று சரிவு: இரண்டு மீட்டர் அகலத்துக்கு நான்கு சென்டிமீட்டர்.

எங்கே கெடுகிறது? கீழ்த்தளம் மேடுபள்ளமாக இருந்தால் மணலைக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்கிறார்கள். மணல் தடித்த இடம் முதல் மழையிலேயே உட்காரும். அடுத்தது சென்னைக்கே உரிய கோளாறு: வடிகால் ஸ்லாபுகளின் இடுக்கு வழியாக மணல் சாக்கடைக்குள் இறங்கிவிடும், மேலே கல் ஆடும். இடுக்குகளைச் சிமென்ட் கலவையால் அடைத்து, வடிகட்டித் துணி விரித்து, அப்புறம்தான் மணல். மேன்ஹோலைச் சுற்றி உடைந்த துண்டுக் கற்களைச் செருகாமல் கான்கிரீட் வளையம் போட வேண்டும். மூடியின் மட்டத்தைக் கல் பதிக்கும் முன்பே சரிசெய்ய வேண்டும்.

பைக்கைத் தடுக்கப் போடும் குட்டைக் கம்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பைக்கின் ஹேண்டில் அகலம் ஏறக்குறைய 75, 80 சென்டிமீட்டர். சக்கர நாற்காலிக்கு 90 சென்டிமீட்டராவது வேண்டும். நாற்காலி போகிற சந்தில் பைக்கும் போகும். கம்பம் காரைத் தடுக்கும், பைக்குக்குப் போலீஸ்தான். நெருக்கமாக நட்டால் மாட்டிக்கொள்வது நாற்காலிக்காரர். பார்வையற்றோருக்கான மஞ்சள் டைல்ஸில் நீளக்கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். நீளக்கோட்டை நேராகப் பில்லர் பாக்ஸில் கொண்டுபோய் முடிக்கிறவர்களை என்ன சொல்ல?

பராமரிப்பில் பெரிய சேதம் ரோடு கட்டிங். குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டிய பள்ளத்தைச் சேறோடு ஒரேயடியாக மூடினால் வடகிழக்குப் பருவமழையில் அமுங்கிவிடும். 15, 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். எடுத்த கற்களை அடுக்கி வைத்துத் திரும்பப் பதிக்கலாம். அதே அச்சு, அதே நிறத்தில் நூற்றுக்கு ஐந்து கல்லாவது வார்டு அலுவலகத்தில் இருப்பு வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட சட்டைதான்.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. பாண்டி பஜார் இருக்கும் தியாகராய சாலையின் அகலமான நடைபாதை 2019இல் திறக்கப்பட்டது. அந்தத் தரம் உட்தெருவுக்கும் வர வேண்டுமென்றால் புகாரைச் சரியான கதவில் தட்ட வேண்டும். பஸ் ஓடும் சாலைகளுக்கு மாநகராட்சியில் தனித் துறை. உட்தெருக்கள் மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. அண்ணா சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குப் போன் செய்தால் தெருப் பெயரோடு அருகிலிருக்கும் விளக்குக் கம்பத்தின் எண்ணையும் சொல்லுங்கள். "கல் உடைந்திருக்கிறது" என்று நிறுத்தாமல் எத்தனை அடி நீளத்துக்கு, எவ்வளவு ஆழத்துக்கு உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.