வயல் இல்லாத வீட்டில் யாருக்குப் பொங்கல்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் குடும்பம் தலைமுறைகளாக ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். வயலும் இல்லை, மாடும் இல்லை. அரிசியைக் கடையில்தான் வாங்குகிறோம். பொங்கல் வைத்து யாருக்கு நன்றி சொல்கிறோம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அடுக்குமாடி வீட்டில் கேஸ் அடுப்பில் பொங்கல் வைக்கலாமா என்றும் சொல்லுங்கள்."

பிள்ளைகள் கேட்டது நல்ல கேள்வி, சகோதரி. சூரியனுக்கு நன்றி என்பது எல்லோரும் அறிந்த விடை. அது சரியான விடையும்கூட. ஆனால், தோட்டத்து மக்களுக்கும் அரிசிக்கும் இடையே தனியாக ஒரு கதை இருக்கிறது. அதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நம் தாத்தா பாட்டிமார் ரப்பர் பால் எடுத்தார்கள். அவர்கள் உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபின் அந்த வரத்து குறைந்துபோக, 1945 வரை தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த பல லயத்து வீடுகளில் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. சயாம் ரயில் பாதை போட ஜப்பானியரால் கொண்டுபோகப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வரவே இல்லை. அந்தப் பசியையும் இழப்பையும் தாண்டி வந்தவர்கள்தான், பின்னாளில் தை முதல் நாள் விடியலில் லயத்து வாசலில் கல் கூட்டி, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, பால் நுரைத்து விளிம்பைத் தாண்டுவதைப் பிள்ளைகளோடு நின்று பார்த்தார்கள். 'பொங்கலோ பொங்கல்' என்று அவர்கள் எழுப்பிய குரலில் எவ்வளவு நிம்மதி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

ஆகவே, பால் பொங்கியதும் வீட்டில் மூத்தவர் முதல் பிடி அரிசியைப் போடட்டும். பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி போடட்டும். போடும்போது அந்த முன்னோர்களில் ஒருவர் பெயரையாவது வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். பெயர் தெரியாத பிள்ளை, பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இன்று கெடாவின் மூடா சமவெளியிலும் சிலாங்கூரின் சிகிஞ்சானிலும் நெல் விளைவிக்கும் மலாய், சீன விவசாயிகளும் நம் நன்றிக்கு உரியவர்களே என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கேஸ் அடுப்பில் தாராளமாக வைக்கலாம். அடுப்பைச் சுத்தம் செய்து கோலமிட்டு, இயன்றால் கிழக்குப் பார்த்த சன்னல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பொங்கலுக்குத் தேசியப் பொது விடுமுறை கிடையாது என்பதால், வேலைக்குப் போகிறவர்கள் விடியலிலேயே பொங்கலிட்டுப் படைத்துவிட்டு, எல்லோரும் கூடி இலையில் அமர்ந்து உண்பதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் எந்தக் குறையும் இல்லை.