சாவியை யாரிடம் கொடுப்பது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்தில் படிக்காதவர்கள் நம்மில் மிகக் குறைவு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்னால், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்கு வருகிறவர் 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதைத் தாண்டாமலும் இருக்க வேண்டும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடையவராக இருக்க வேண்டும் என்றெல்லாம் தகுதிகளை விரித்துச் சொல்கிறது. பிறகு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தச் சிறுவனை நான் பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் எடுத்துக் கொடுத்த ஓலையில் பெயர் இருந்தவர், அவன் நீந்தி விளையாடிய ஏரியைப் பராமரிக்கும் ஏரி வாரியத்தில் அமர்ந்திருப்பார். ஏரியைப் பற்றி அவனிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவனுடைய கை மட்டும் ஊருக்குத் தேவைப்பட்டது.

அந்தச் சிறுவனை நாம் இன்னும் விட்டுவிடவில்லை என்பதுதான் என் கவலை. ஆண்டு விழாவில் விருந்தினருக்குப் பூங்கொத்துக் கொடுப்பதற்கும், பேரணியில் பதாகை பிடிப்பதற்கும், கூட்டத்தில் நாற்காலி போடுவதற்கும் இளையோரை அழைக்கிறோம். முடிவு எடுக்கும் நேரம் வந்ததும், 'நீங்கள் போய்ப் படியுங்கள்' என்று அனுப்பிவிடுகிறோம்.

மதுரைக்கு அருகே ஒரு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக நீண்ட காலம் பணியாற்றியவன் நான். காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்ட திட்டம் அது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். அதோடு ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. என் தொடக்க கால முகாம்களில், எந்த ஊர், எந்த ஊருணி, எத்தனை மண்வெட்டி என்பதையெல்லாம் நானே முடிவு செய்துவிட்டு மாணவர்களை அழைத்துச் சென்றேன். அதுவும் குடத்தில் கை விடச் சொன்ன கதைதான் என்பது எனக்கு விளங்கியது, உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் நடந்த நிகழ்ச்சிக்குப் பிறகு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

2006இல் தொடங்கப்பட்ட அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஊரிலும் ஒன்று இருந்தது, பூட்டியே இருந்தது. உள்ளே புத்தகங்களோடு விதை மூட்டைகளும் பந்தல் துணியும் கிடந்தன. முகாமுக்குப் போன என் மாணவர்கள், அந்த ஊரிலிருந்து வெளியே படிக்கப் போகும் பிள்ளைகளோடு பேசிப் பழகி, ஏழு நாளும் என்ன செய்யலாம் என்று கேட்டபோது, அந்தப் பிள்ளைகள் ஊருணியைப் பற்றிப் பேசவே இல்லை. அவர்கள் கேட்டது நூலகத்தின் சாவி.

சாவியைக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. குடியரசு நாளன்று கிராம சபை கூடும் என்பதால், அங்கேயே கேட்பது என்று முடிவாயிற்று. அன்றைக்குக் கோயில் முன்திடலில் பந்தல். வழக்கம்போல, கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கும் பதிவேடு கை மாறிக்கொண்டிருந்தது. அது அந்த ஊரின் கல்லூரி மாணவி ஒருத்தியிடம் வந்தபோது, "பெரியப்பா, என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டுப் போடுறேன்" என்றாள். தீர்மானம் எழுத வேண்டிய பக்கங்கள் வெறுமையாக இருந்தன. முணுமுணுப்பு எழுந்தது. 'பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு' என்றுகூட ஒரு குரல் வந்தது. ஊராட்சித் தலைவராக இருந்தவர் வயதான ஓர் அம்மையார். அவர் கூட்டத்தை அமர்த்திவிட்டு, "வரவு செலவு நோட்டையும் எடுத்துக்கத்தா, எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சத்தமாப் படி" என்றார்.

அந்தப் பெண் படித்தாள். தெருவிளக்குக்கு எவ்வளவு, குடிநீர் மோட்டாருக்கு எவ்வளவு, மின்கட்டணப் பாக்கி எவ்வளவு என்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தங்கள் ஊரின் கணக்கைத் தங்கள் காதால் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டதாக, அருகில் இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். அதன் பிறகு சாவியைப் பற்றிய பேச்சு வந்தது. "இளவட்டத்துக்கிட்டச் சாவியக் கொடுத்தா சீட்டாட்டந்தான் நடக்கும்" என்றார் ஒருவர். "பூட்டிக் கெடக்கும்போதும் அந்தத் திண்ணையில சீட்டுதானே தாத்தா நடக்குது" என்றாள் அவள். பந்தலே சிரித்தது, அவரும் சிரித்தார்.

இங்கேதான் நேயர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. நூலகத்தைக் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை திறக்கலாம் என்று பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அந்த நேரத்தில் படிக்கிற பிள்ளை எவரும் ஊரில் இருப்பதில்லை. மாலை ஆறு முதல் ஒன்பது வரை திறக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகளால்தான் சொல்ல முடிந்தது. ஐந்து பேர் பொறுப்பேற்க வேண்டும், அவர்களில் மூவர் பெண்கள், சாவி மாதம் ஒருவரிடம் இருக்கும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. அவர்கள் கணினியும் ஒன்று கேட்டார்கள், அது கிடைக்கவில்லை. மின்கட்டணப் பாக்கியைக் காட்டி, இந்த ஆண்டு இயலாது என்று தலைவர் காரணத்தோடு விளக்கினார். கணக்கைத் தாங்களே படித்திருந்ததால் அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சாவி கிடைத்ததை எவ்வளவு பெரிதாக நினைக்கிறேனோ, காரணம் சொல்லி மறுக்கப்பட்டதையும் அவ்வளவு பெரிதாகவே நான் நினைக்கிறேன். கேட்ட கேள்விக்கு மறுமொழி வந்தது, அது இல்லை என்ற மறுமொழியாக இருந்தாலும்.

குழந்தைகள் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கை 1989இல் நிறைவேறியது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. தங்களைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு, அவர்களின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. ரோஜர் ஹார்ட் என்ற அறிஞர் 1992இல் யுனிசெஃப் அமைப்புக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகச் சொன்னார். கீழ்ப் படிகள் மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கணக்கில் கொள்ளவில்லை. பெரியவர்கள் தங்கள் கருத்துக்குப் பிள்ளைகளைக் கருவியாக்குவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, ஒப்புக்குச் சேர்ப்பது ஆகியவை அவை. சிறுவயது விளையாட்டில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒருவரைச் சேர்த்துக்கொள்வோமே, அதேதான். அவர் தொட்டாலும் ஆட்டம் மாறாது. உச்சிப் படியிலும் இளையோர் தனியாக நிற்பதில்லை. அவர்கள் தொடங்கிய செயலில் பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கிறார்கள் என்பது என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான கருத்து. சாவியைப் பிள்ளைகள் கேட்டார்கள், ஊர் கூடிக் கொடுத்தது.

தீர்மானப் பதிவேட்டின் வலிமையை நம் மேலூர்ப் பகுதி அண்மையில் காட்டியது. அரிட்டாபட்டியைச் சூழ்ந்த பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்ட செய்தி 2024 நவம்பரில் வந்ததும், ஊர்கள் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் எழுதின. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு மக்கள் திரளாக நடந்து வந்தார்கள். அதே மாதம் ஏலம் ரத்தானது. அந்தக் கூட்டத்தில் நடந்த இளைஞர்களுக்கு, கிராம சபை என்பது என்ன என்று வகுப்பில் விளக்க வேண்டிய தேவை இனி இராது.

எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முடியப் போகிறது. இளையோருக்குக் கையருகே உள்ள வாய்ப்புகளை ஒவ்வொன்றாக விளக்க நினைத்திருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களுக்கு உரியது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 17 வயது நிறைந்தவர்கள் படிவம் 6 வழியாகப் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஊராட்சித் தேர்தலில் போட்டியிட 21 வயது போதும். மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் வாழ்கிறவர்கள் தங்கள் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். கூட்டத்தில் மறுமொழி கிடைக்காதபோது, 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் மறுமொழி தர வேண்டும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது வீட்டிலுள்ள கல்லூரிப் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். பதிவேடு உங்களிடம் வரும்போது, கையெழுத்துப் போடும் முன் அதைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வணக்கம்.