மார்ச் 31-க்கு இன்னும் ஆறு வாரம்

(வங்கி ஊழியர் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற கிளை மேலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி நடுவில் வங்கி ஊழியர்களைக் கூட்டி வைத்து உற்சாகத்தைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். உங்களில் பாதிப் பேருக்கு மனசு வாராக்கடன் பட்டியலில்தான் இருக்கும். சிலர் போனை மடியில் வைத்து வட்டார அலுவலகத்துக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருப்பதும் மேடையிலிருந்து தெரிகிறது. பரவாயில்லை, அனுப்புங்கள்.

ஊருக்கெல்லாம் டிசம்பரோடு வருஷம் முடிந்துவிடுகிறது, நமக்கு மார்ச் 31. ஜனவரியில் ஓட ஆரம்பிக்கிற கிளை மார்ச் பத்தாம் தேதிக்குள் சோர்ந்துவிடுகிறது. இதைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னும் எத்தனை கோடி பாக்கி என்று காலையிலும் சாயங்காலமும் சொல்வதற்கு ஆள் இருக்கிறது. நேற்றைக்கு இன்று எவ்வளவு நகர்ந்தோம் என்று சொல்லத்தான் யாரும் இல்லை.

ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் தெரசா அமபீலும் ஸ்டீவன் கிராமரும் 7 நிறுவனங்களில் 238 பேர் தினமும் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளைப் படித்துப் பார்த்தார்கள். மனசு தெம்பாக இருந்த நாட்களில் அதிகம் தென்பட்டது ஒரே விஷயம்: தான் மதிக்கிற வேலையில் அன்றைக்குக் கொஞ்சமாவது முன்னேறியிருப்பது. ஊழியர்களுக்குத் தெம்பு தருவது எது என்று மேலாளர்களிடம் கேட்டபோது அவர்கள் பாராட்டை முதலில் வைத்தார்கள், முன்னேற்றத்தைக் கடைசியில் தள்ளினார்கள். முன்வரிசையில் இருக்கும் மேலாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அந்த ஜாதிதான்.

இதைப் படித்தபோது எனக்குக் கம்ப்யூட்டர் வராத காலத்து மார்ச் 31 ராத்திரிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. சேமிப்புக் கணக்குப் பேரேடுகள், அதாவது தடித்தடியான கணக்குப் புத்தகங்கள், வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டிப் பொதுப் பேரேட்டில் இருக்கும் மொத்தத்தோடு டேலி செய்ய வேண்டும். வித்தியாசம் வந்தால் முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். மிச்சமில்லாமல் வகுபட்டால், 54 என்பதை யாரோ 45 என்று எழுதியிருக்கலாம். இரட்டைப்படை எண்ணாக இருந்தால் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுவார்கள். பற்றை வரவில் போட்டிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். பதினோரு மணிக்கு மேல் ஒரு பேரேடு டேலி ஆனால் ‘ஆச்சு!’ என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டதும் பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து உட்காருவார். சம்பளம் அப்போது உங்களுடையதைவிட ரொம்பக் குறைவு, ஏ.சி. கிடையாது. ஆனாலும் தூக்கம் வராது. முடிந்த பேரேட்டைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் வைக்க முடிந்ததே, அதுதான் காரணம்.

எல்லாக் கிளைக் கணக்கையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைக்கிற கோர் பேங்கிங் வந்து அந்தப் பாடெல்லாம் போய்விட்டது. நல்லதுதான், அது திரும்பி வர வேண்டாம். கூடவே அந்த ‘ஆச்சு’ம் போய்விட்டது. இப்போது திரையில் இருப்பது கிளை முழுவதுக்குமான ஒற்றை எண். அதை வெட்டித் துண்டாக்கிக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு வசூல். தவணை தாண்டி 90 நாளுக்கு மேல் போனால் கடன் வாராக்கடனாகிவிடும், உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய கட்டம் 61 முதல் 90 நாள் வரை, எஸ்.எம்.ஏ.-2 என்கிற எச்சரிக்கைப் பட்டியல். காலையில் முழுப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்து மலைத்துப்போய் உட்கார வேண்டாம். அதில் எண்பது நாளைத் தாண்டியவர்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். யார் யாரோடு பேசுவது என்று பத்து மணிக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வாடிக்கையாளருக்குக் கிளையிலிருந்து மூன்று பேர் போன் செய்தால் அவர் நான்காவது போனை எடுக்க மாட்டார். பணம் கட்டியவர் பெயரைச் சாயங்காலம் பேனாவால் கோடு போட்டு அடியுங்கள். எக்செல்லில் அடித்தால் அந்த ருசி வராது.

அப்புறம் ஒன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். மார்ச் 31 அன்று தெரிந்தவர்களிடம் கெஞ்சி டெபாசிட் வாங்கி, ஏப்ரல் முதல் வாரத்தில் திருப்பிக் கொடுக்கிற பழக்கத்தை வருஷத்தை வலுவாக முடிப்பதாகச் சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பள்ளத்தோடுதான் உங்கள் அடுத்த வருஷம் தொடங்குகிறது. ஆளை அதிகம் சோர்வாக்குவது இந்த வேலைதான் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் செய்கிறவருக்கே இதில் நம்பிக்கை இல்லை. விவசாயம், சிறுதொழில் போன்றவற்றுக்குக் கொடுக்கிற முன்னுரிமைத் துறைக் கடன் இலக்கை ரிசர்வ் வங்கியே 2016-17 முதல் நான்கு காலாண்டுகளின் சராசரியாகத்தான் கணக்கிடுகிறது. மார்ச் கடைசி நாள் எண்ணை மட்டும் தூக்கிப் பிடிப்பது அங்கே செல்லாது. மற்ற டார்கெட்டுகளுக்கும் இப்படி வந்தால் நம் மார்ச் மாதம் பாதி லேசாகிவிடும். இதை மேலிடத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள்.

கடைசியாக மேலாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் இரண்டாவது வாரத்து லீவு விண்ணப்பங்களை இப்போதே வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ‘மார்ச் முடியட்டும், பார்க்கலாம்’ என்று சொல்லாதீர்கள். இனி கேள்விகள் இருந்தால் கேளுங்கள், டீ வந்துகொண்டிருக்கிறது.