விற்க முடியாத வயல்: ஒரு மினாங்கபாவ் கிராமத்தின் சொத்துக் கணக்கு

[காட்சி: எரிமலைச் சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள். முழங்கால் சேற்றில் ஒரு பெண் நாற்று நடுகிறார்.]

இந்த வயலுக்கு விலை பேசிப் பாருங்கள். எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காது. நடுகிற பெண்மணி பிடிவாதக்காரர் என்று நினைக்க வேண்டாம். விற்கும் உரிமை அவரிடம் இல்லை. அவருடைய அம்மாவிடமும் பாட்டியிடமும் இருந்ததில்லை. ஆனாலும் வயல் அவர்களுடையதுதான்.

இடம், இந்தோனேசியாவின் மேற்கு சுமத்ரா மாகாணம், தானா தாத்தார் மாவட்டம். பின்னால் தெரிவது 2,891 மீட்டர் உயரமுள்ள மராப்பி எரிமலை. அது கக்கிய சாம்பலால்தான் இந்த மண் இத்தனை செழிப்பு. 2024 மே மாதம் பெருமழையில் சேற்றையும் பாறைகளையும் உருட்டி வந்து வீடுகளையும் வயல்களையும் மூடியதும் அதே மலைதான். இங்கு வாழ்பவர்கள் மினாங்கபாவ் மக்கள். மார்க்கத்தால் முஸ்லிம்கள், குலம் தாய்வழி. உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் என்று இவர்களைத்தான் சொல்கிறார்கள். ஊருக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நகரி’. பெயர்தான் அப்படி, சுற்றிலும் வயலும் வாய்க்காலும் உள்ள கிராமம்.

சொத்தில் இங்கே இரண்டு வகை உண்டு. யாழ்ப்பாணத்து மரபுச் சட்டமான தேசவழமையில் ‘முதுசம்’ என்றும் ‘தேடிய தேட்டம்’ என்றும் பிரிப்பார்களே, அந்தச் சொற்களே இங்கும் கைகொடுக்கின்றன. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம், இவர்கள் பேச்சில் ‘புசாகா’. ஒருவர் தன் உழைப்பில் சேர்த்தது தேட்டம். யாழ்ப்பாணத்து முதுசம் பிள்ளைகளிடையே பிரிந்து போகும். மினாங்கபாவ் முதுசம் பிரியாது. ஒரே பாட்டி வழியில் வந்தவர்கள் எல்லோருக்கும் அது பொது. இன்ன பாத்தியில் இன்ன பெண் விளைவித்துச் சாப்பிடலாம் என்று மட்டும் ஒதுக்கித் தருவார்கள். அவருக்குப் பின் அவருடைய மகள்கள்.

[காட்சி: எருமைக் கொம்பு போல வளைந்த கூரையுடன் பெரிய வீடு. முற்றத்தில் மூன்று நெற்குதிர்கள்.]

இது ‘ரூமா கடாங்’, பெரிய வீடு. முற்றத்தில் நிற்கும் குதிர்களுக்குக் கதவு கிடையாது. கூரைக்குக் கீழே சின்னத் திறப்பு. ஏணி வைத்து ஏறித்தான் நெல்லைக் கொட்டவும் எடுக்கவும் வேண்டும். ஒரு குதிர் அன்றாடச் சோற்றுக்கு. இன்னொன்றின் நெல்லை விற்று, வயலில் விளையாத பொருள்களை வாங்குவார்கள். மூன்றாவது, பஞ்சம் வந்தால் திறக்க. (சோறு இங்கே ஒட்டாமல் உதிரியாக இருக்க வேண்டும். குழைந்த சோற்றை விரும்பும் ஜாவாக்காரர்களோடு இவர்களுக்கு இதில் ஒத்துப்போகாது. நம் பந்தியில் உட்கார்ந்தால் குறை சொல்ல மாட்டார்கள்.)

வீட்டுக்குள் போனால் அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் மணமான ஒரு பெண்ணுக்கு. ஆண்பிள்ளைக்கு அறை இல்லை. ஓரளவு வளர்ந்ததும் அவன் இரவில் தொழுகைக் கூடத்தில் போய்ப் படுப்பதுதான் பழைய வழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வீட்டுக்குப் போகிறான். அங்கே அவனுக்கு என்ன மரியாதை என்று கேட்டால் ஒரு பழமொழி சொல்வார்கள்: வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மேல் இருக்கும் சாம்பல். ஒரு காற்று போதும்.

ஆனால் அதே ஆள் தன் அக்கா தங்கைகளின் வீட்டில் ‘மாமாக்’. நம் காதில் மாமா என்றே விழும், உறவும் தாய்மாமன்தான். முதுசத்தைக் காப்பது, யாருக்கு எந்தப் பாத்தி என்று தீர்ப்பது, மருமக்களின் வழக்கில் முன்னால் நிற்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆக, நிலம் பெண்களுடையது. நிலத்தைப் பற்றிப் பேசும் குரல் பெரும்பாலும் ஆணுடையது. ‘பெண்கள் ஆளும் நாடு’ என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதையை நான் அப்படியே வாங்கிக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

[காட்சி: எடைக்கல், சிறிய தங்க நகைக் கடை.]

விற்க முடியாத நிலத்தை வைத்துக்கொண்டு அவசரத்துக்கு என்ன செய்வது? ஒத்தி வைக்கலாம். பணம் கொடுத்தவர் வயலை எடுத்துக்கொண்டு விளைச்சலை அனுபவிப்பார்; பணம் திரும்பும் நாளில் வயலும் திரும்பும். அதற்கும் மரபு நான்கே காரணங்களை ஒப்புக்கொள்கிறது. பெரிய வீட்டின் கூரை ஒழுகினால். வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் நின்றால். வீட்டின் நடுவே பிணம் கிடந்தால். கடைசிக் காரணத்தை ‘மூழ்கிய மரத்தைத் தூக்கி நிறுத்த’ என்பார்கள். குலத்தலைவர் பட்டம் சூட்ட எருமை வெட்டி ஊருக்கு விருந்து வைக்க வேண்டும். செலவுக்கு வழியில்லாமல் கிடப்பில் போன பட்டத்தை மீட்பதுதான் அந்த மரம்.

பட்டியலில் படிப்பு இல்லை, மருத்துவச் செலவும் இல்லை. இன்று கல்லூரிக் கட்டணத்துக்கும் வயல் ஒத்திக்குப் போகத்தான் செய்கிறது. உறவினர் கூடிப் பேசிச் சம்மதித்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

ஒத்தித் தொகையை நாட்டு நாணயமான ரூபியாவில் பேசாமல் தங்கத்தில் பேசுவது இந்த ஊர்க்காரர்களின் கெட்டிக்காரத்தனம். இங்கே ஒரு ‘எமாஸ்’ என்றால் இரண்டரை கிராம். இருபது எமாஸுக்கு வைத்த வயலை மீட்க, எத்தனை ஆண்டு ஆனாலும் ஐம்பது கிராம் தங்கம் அல்லது அன்றைய விலையில் அதற்கு ஈடான பணம் வேண்டும். ரூபியாவின் மதிப்பு எப்படித் தேய்ந்தாலும் கொடுத்தவருக்கு நட்டமில்லை. தங்கம் ஏறுகிற காலத்தில் மீட்க வருபவர் பாடுதான் திண்டாட்டம்.

இதில் அரசும் ஒருமுறை கைவைத்தது. 1960-ஆம் ஆண்டின் 56-ஆம் எண் சட்டம், ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஒத்தியில் இருந்த விளைநிலத்தை ஒரு காசும் வாங்காமல் திருப்பித் தர வேண்டும் என்றது. ஏழாண்டு விளைச்சலே கடனை அடைத்துவிட்டது என்பது கணக்கு. ஏழாண்டு ஆகும் முன்பே மீட்பவருக்கும் ஒரு சூத்திரம் வைத்தார்கள்: ஏழரையிலிருந்து கழிந்த ஆண்டுகளைக் கழித்து, ஏழால் வகுத்து, ஒத்திப் பணத்தால் பெருக்க வேண்டும். நான்கு ஆண்டு கழித்து மீட்டால் சரிபாதி கொடுத்தால் போதும். ஏழைக் குடியானவனுக்கு நல்ல சட்டம். ஆனால் இங்கே கடன் கொடுத்தவர் பெரும்பாலும் ஒன்றுவிட்ட சித்தி. இல்லாவிட்டால் பக்கத்துக் குலத்துக்காரர். தலைமுறைக்கும் முகம் பார்க்க வேண்டிய இடத்தில் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவது எளிதல்ல. ஏழாண்டு தாண்டிய ஒத்திகள் இன்றும் பழைய வழியிலேயே நடக்கின்றன.

இஸ்லாமிய வாரிசுச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் பங்கு வகுக்கிறதே, அதற்கு இவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? சண்டை போட்டார்கள். மக்காவில் ஆசிரியராக இருந்த மினாங்கபாவ் அறிஞர் அகமது கத்தீப், இந்தத் தாய்வழி முதுசமே கூடாது என்று கடுமையாக எழுதினார். அவரிடம் படித்த ஹாஜி ரசூல், முதுசத்தை வக்ஃபு, அதாவது அறத்துக்கென ஒதுக்கிய சொத்து, போலக் கருதலாம், அது தனி ஆளின் சொத்தே அல்ல என்று வழி கண்டுபிடித்தார். 1952-இல் புக்கித்திங்கியில் மார்க்க அறிஞர்களும் குலத்தலைவர்களும் கூடி முடிவு செய்தார்கள்: முதுசம் மரபுப்படி, தேட்டம் மார்க்கப்படி. ஒருவர் வெளியூரில் கடை வைத்துச் சம்பாதித்த வீடு அவர் பிள்ளைகளுக்கு. அம்மா வழி வயல் அக்காவின் பிள்ளைகளுக்கு.

[காட்சி: அறுவடை முடிந்த வயலில் மாட்டுப் பந்தயம். சேறு தெறிக்கிறது.]

அறுவடை முடிந்ததும் நடக்கும் ‘பாச்சு ஜாவி’ இது. இரண்டு மாடுகளுக்கு நடுவே ஏர் போன்ற சட்டத்தில் ஒருவர் நின்றுகொண்டு, வேகம் குறைந்தால் வாலைக் கடிக்கிறார். ஆம், பல்லால்தான். முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் கிடையாது. நேராக ஓடிய மாட்டுக்குச் சந்தையில் விலை ஏறும், அவ்வளவே. வயலில் அவர் பெயருக்கு ஒரு பிடி மண் இல்லாமல் இருக்கலாம். தன் காசில் வாங்கிய மாட்டை இன்றைக்கே விற்க அவருக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

[காட்சி: மேசையில் விரித்த பெரிய தாள். பேனாவால் வரைந்த வம்ச வரைபடம்.]

முதுசத்துக்கு ஆதாரம் எங்கே? ‘ரஞ்சி’ என்னும் இந்தத் தாளில் இருக்கிறது. மேலே ஒரு மூதாட்டியின் பெயர். கீழே அவர் பிள்ளைகள், மகள்களின் பிள்ளைகள். நீதிமன்றம் வரை போகும் வழக்குகளில் இதைத்தான் விரிக்கிறார்கள். இப்போது பட்டாவும் வாங்குகிறார்கள்; பெரும்பாலும் ‘மாமாக் கபலா வாரிஸ்’, அதாவது வாரிசுகளின் தலைவரான தாய்மாமன் பெயரில். அந்த வாரிஸ் நம் வாரிசுதான், அரபியிலிருந்து இரு மொழிக்கும் வந்த சொல். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மாமன் இறந்த பிறகு, தாளில் அப்பா பெயர் இருக்கிறதே என்று அவருடைய சொந்தப் பிள்ளைகள் கேட்டு வந்தால்?

ரஞ்சியில் ஆண் பெயருக்குக் கீழே கோடு இறங்குவதில்லை. அவன் பிள்ளைகள் மனைவியின் குலத்தாளில் இருப்பார்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், மூவரும் ஆண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருவர் ஜகார்த்தாவில் சாப்பாட்டுக் கடைகூட வைத்திருக்கிறார். ஊரில் அந்த வீட்டுக்கு ‘புனா’ என்று பெயர். அற்றுப்போனது என்று பொருள். உயிரோடு இருக்கும்வரை வயலில் அவர்களுக்குச் சோறு உண்டு. அதன்பின் ஊரார் இந்தத் தாளை விரித்து, மேலே இருக்கும் மூதாட்டியிலிருந்து வேறொரு மகளின் கோட்டைப் பிடித்துக் கீழே இறங்கி வருவார்கள்.